சொந்தமாகக் கட்டிய .338 மேக்னம்: குரூப்புக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

நெடுங்குழல்:

ரைபிள் கட்டி முடிந்தது, சோதனையும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. முதலில் விவரம். .338 வின்செஸ்டர் மேக்னம். மவுசர் 98 மாதிரியில் இப்போது புதிதாகச் செய்யப்படும் ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயந்திரப் பகுதி, அதில் மேக்னம் தோட்டாவுக்கென்றே வெட்டிய போல்ட் முகம் (தோட்டாவின் அடி உட்காரும் இடம்). 24 அங்குல குரோம்-மாலி பேரல், உள்வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று (ட்விஸ்ட்). வால்நட் கட்டை. ஸ்கோப்பும் சேர்த்து எட்டே முக்கால் பவுண்டு, அதாவது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. பேரல் மாட்டுவது, அறை வெட்டுவது, ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா அறையில் முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) எல்லாம் உரிமம் உள்ள பட்டறையில் நடந்தது. கட்டை, பெடிங் (இரும்பு கட்டையில் சரியாக உட்காரும்படி எபாக்ஸி வைப்பது), மேகசின் பொருத்தம், சோதனை என் வேலை.

இங்கே அழுத்திச் சொல்ல வருவது ஒன்றுதான். நடுத்தர விட்ட மேக்னம் என்பது பெரிய மிருகத்துக்காக, சில சமயம் திரும்பி வரக்கூடிய மிருகத்துக்காகக் கட்டுகிற ரைபிள். அதில் முதலில் சரியாக இருக்க வேண்டியது மேகசினிலிருந்து அறைக்குள் தோட்டா போகிற வழி. அடுத்தது கட்டை உடம்புக்குப் பொருந்துவது. அதற்கடுத்து, ஆறிய பேரலிலிருந்து போகும் முதல் குண்டு. மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுடுகிற மூன்று குண்டு குரூப், அதாவது குண்டுகள் அட்டையில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது, இதற்கெல்லாம் பிறகுதான். ஆனால் "என்ன குரூப் போடுது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பேரல் யார் செய்தது என்று கேட்பவர்கள் மேகசின் பெட்டியின் உள் அகலம் என்ன என்று கேட்பதே இல்லை.

மலைநடை:

வாழ்த்துகள். ஒரு கேள்வி. .375 ஹெச் அண்ட் ஹெச் இருக்கும்போது .338க்கு ஏன் போனீர்கள்? நான் பல வருடமாக .375 தான் தூக்குகிறேன், 300 கிரெயின் (குண்டு எடையின் அலகு) குண்டு ஒன்று போதும், மானிலிருந்து எருமை வரை எல்லாவற்றுக்கும் அதே தோட்டா. உதையும் குத்துகிற உதை இல்லை, தள்ளுகிற உதை.

நெடுங்குழல்:

.375 மேல் எனக்கு மரியாதை அதிகம். 1912ல் வந்த தோட்டா இன்னும் அளவுகோலாக நிற்கிறது என்றால் சும்மா இல்லை. ஆனால் அதன் முழு நீளம் 3.6 அங்குலம். அதற்கு நீளமான மேக்னம் ஆக்‌ஷன் வேண்டும், போல்ட்டை அவ்வளவு தூரம் பின்னால் இழுக்க வேண்டும், எடையும் கூடும். .338 வின்செஸ்டர் 1958ல் வந்தது. 1956ல் வந்த .458 வின்செஸ்டரின் கேஸை, அதாவது பித்தளைக் கூட்டை, கழுத்து குறுக்கிச் செய்தது. கேஸ் 2.5 அங்குலம், முழுத் தோட்டா 3.34, அதனால் சாதாரண நீள ஆக்‌ஷனிலேயே அடங்கிவிடும். 225 கிரெயின் குண்டு நொடிக்கு 2800 அடிக்குப் பக்கத்தில், 250 கிரெயின் 2650க்குப் பக்கத்தில் போகும்.

நான் நினைத்திருப்பது மூஸ், எல்க், பெரிய மறிமான் வகைகள். குண்டின் குறுக்குவெட்டு அடர்த்தியை (எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) பாருங்கள்: .338ல் 225 கிரெயினுக்கு 0.281, 250க்கு 0.313. .375ல் 300 கிரெயினுக்கு 0.305. ஊடுருவலுக்கு இது போதும். எருமையோ யானையோ திட்டத்தில் இருந்தால் பேச்சே வேறு. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான மிருகத்துக்கு .375 அல்லது 9.3 மில்லிமீட்டர் குறைந்தபட்சம் என்று சட்டமே இருக்கிறது. அப்போது .338 எடுத்துக்கொண்டு போகவே முடியாது.

பழைய98:

நல்ல தேர்வு, ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேக்னம் என்ற பெயர் ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓட்டோ போக் 1905ல் வடிவமைத்த 9.3x62 இன்றைக்கும் ஐரோப்பாவில் மூஸையும் காட்டுப்பன்றியையும் சாய்க்கிறது, அதற்கு பெல்ட்டும் (கேஸின் அடியில் இருக்கும் வளையம்) இல்லை, பெரிய போல்ட் முகமும் வேண்டாம். 1922ன் .35 வீலனும் அப்படித்தான். வேகமும் தட்டையான பாதையும் வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் .338 வின்செஸ்டர், 1959ன் .358 நோர்மா, அதற்கடுத்து வந்த .340 வெதர்பி எல்லாம். வெதர்பி வேகத்துக்கு உதையால் விலை கொடுக்கிறோம்.

மேகசின் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு என் ஓட்டு. பவுல் மவுசர் கணக்குப் போட்டுத்தான் பெட்டி செய்தார். இரண்டு வரிசையாகத் தோட்டா அடுக்கும்போது மேலே உள்ளதன் மையமும் கீழே உள்ளதன் மையமும் அறுபது பாகை முக்கோணத்தில் உட்கார வேண்டும். பெட்டியின் உள் அகலம் அந்த இடத்துக் கேஸ் விட்டத்தைப் போல 1.866 மடங்கு. பெல்ட் உள்ள மேக்னத்துக்கு பின்புற விட்டம் 0.532 அங்குலம், அப்படியென்றால் பின்னால் கிட்டத்தட்ட 0.99. .338 வின்செஸ்டருக்குத் தோள் (கேஸ் கழுத்தாகக் குறுகத் தொடங்கும் இடம்) விட்டம் 0.491, அங்கே 0.916. பின்னால் அகலம், முன்னால் குறுகல். இந்தக் குறுகல் இல்லாத நேர்ப்பெட்டியில் தோட்டா முன்பக்கம் ஆடும், ஒரு முறை இடதுபுறம் மூக்கை இடிக்கும், ஒரு முறை ஒழுங்காகப் போகும். "சில சமயம் மாட்டிக்கொள்கிறது" என்று கொண்டு வருகிற ரைபிள்களில் முதலில் நான் பார்ப்பது இந்த அகலத்தைத்தான்.

நெடுங்குழல்:

பழைய98 சார், இதை நீங்கள் எழுதியதே இந்த இழைக்குப் பெருமை. என் பெட்டியை அந்த அளவுக்கேதான் எடுத்தேன். பெட்டிக்குள் நீளம் 3.4க்குச் சற்று மேல், அதனால் குண்டு மூக்கு முன் சுவரில் ஒட்டாது. மூன்று தோட்டா பிடிக்கும். நான்காவதை அமுக்கி நுழைக்க ஆசைப்பட்டு ஸ்பிரிங்கை வெட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாத வேலை.

சோதனை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும். முழுக்க வெற்றுத் தோட்டாக்கள், அதாவது மருந்தும் அதற்குத் தீ மூட்டும் பிரைமரும் இல்லாதவை, ஆனால் நான் சுடப்போகும் அதே குண்டு, அதே நீளம். மூக்கு வடிவம் மாறினால் முடிவும் மாறும், அதனால் கிடைத்த குண்டை வைத்துச் சோதிப்பதில் பிரயோஜனமில்லை. முதலில் போல்ட்டை ரொம்ப மெதுவாகத் தள்ளினேன். தோட்டா அதை மேலே பிடித்து வைக்கும் ரெயிலை விட்டு எந்த இடத்தில் விடுபடுகிறது, விளிம்பு எந்த இடத்தில் எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) நகத்துக்குள் ஏறுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். 98ல் தோட்டா அறைக்குள் நுழைந்து முடிப்பதற்கு முன்பே நகம் அதைப் பிடித்துவிட வேண்டும், அதற்காகத்தானே இந்த ஆக்‌ஷனையே எடுக்கிறோம். அப்புறம் வேகமாக, முரட்டுத்தனமாக. அப்புறம் குழலை வானத்துக்கு நீட்டி, தரைக்கு நீட்டி, ரைபிளைப் பக்கவாட்டில் சாய்த்து, தலைகீழாகப் பிடித்து. கடைசித் தோட்டாவுக்குத் தனிக் கவனம், ஏனென்றால் அதற்குக் கீழே தாங்க இன்னொரு தோட்டா இல்லை, தோட்டாக்களை மேலே தள்ளும் ஃபாலோயர் தட்டு மட்டும்தான். இதற்குப் பிறகு பாதி தள்ளிப் பின்னிழுப்பது. பதற்றத்தில் மனிதன் அதைத்தான் செய்வான். பாதியில் இழுத்தால் நகம் பிடித்த தோட்டா வெளியே வந்துவிழ வேண்டும், அறையில் தங்கக் கூடாது. தங்கினால் அடுத்த தோட்டாவின் மூக்கு அதன் பின்புறத்தில் போய் முட்டும்.

முதலில் வலதுபுறத் தோட்டா ரெயிலை விட்டு ஒரு மயிரிழை தாமதமாக விடுபட்டது. அரத்தை எடுக்காமல் மெல்லிய எமரித் தாளைக் குச்சியில் சுற்றி அந்த முனையை மட்டும் மெருகேற்றினேன், சரியானது. ரெயிலில் எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன்.

புதுத்தோட்டா:

அண்ணே, நான் புதுசு. நடுத்தர விட்டம் என்றால் எதிலிருந்து எது வரை? அப்புறம் இந்த பெல்ட் பெல்ட் என்கிறீர்களே, அது எதற்கு? பலத்துக்கா?

பழைய98:

தம்பி, கறாரான எல்லை கிடையாது. பொதுவாக .33லிருந்து .375 வரை நடுத்தரம் என்போம், பழைய பிரிட்டிஷ் வழக்கில் .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸையும் சேர்ப்பார்கள். .40ஐத் தாண்டினால் பெருவிட்டம்.

பெல்ட் பலத்துக்காக வந்தது இல்லை. .375ன் கேஸ் முன்னால் போகப் போக ஒடுங்கும், தோளும் சரிவானது, அதனால் தோளை நம்பித் தோட்டாவை அறையில் நிறுத்த முடியாது. பின்புறம் ஒரு வளையத்தை விட்டு, அது அறையில் முட்டி நிற்கும்படி செய்தார்கள். ஹெட்ஸ்பேஸ் அளப்பது அந்த வளையத்தை வைத்துத்தான், குறைந்தபட்சம் 0.220 அங்குலம். .338 வின்செஸ்டருக்கு ஒழுங்கான தோள் இருக்கிறது, உண்மையில் பெல்ட் தேவையே இல்லை, .458லிருந்து பிறந்ததால் ஒட்டிக்கொண்டு வந்தது. 2007ல் வந்த .375 ரூகரைப் பார், பின்புற விட்டம் அதே 0.532, பெல்ட் கிடையாது, 2.58 அங்குலக் கேஸ், சாதாரண நீள ஆக்‌ஷனில் அடங்கும்.

கையால் தோட்டா நிரப்புகிறவன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெல்ட்டில் தோட்டா நிற்பதால் தோளுக்கு முன்னால் அறையில் இடைவெளி இருக்கலாம். முதல் முறை சுடும்போது கேஸ் அங்கே போய் விரியும், பெல்ட்டுக்குச் சற்று முன்னால் சுவர் மெலியும். ஒவ்வொரு முறையும் டையை, அதாவது கேஸைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சை, கடைசி வரை இறக்கித் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளினால், மறுபடி விரிந்து மறுபடி மெலிந்து, ஒரு நாள் அந்த வளையத்துக்கு மேலே கேஸ் இரண்டாகப் பிரியும். தோளை ஒரு துளி மட்டும் பின்னுக்குத் தள்ளி, தோளிலேயே நிற்க வைத்தால் கேஸ் ரொம்ப நாள் உழைக்கும். முனை வளைத்த கம்பியைக் கேஸுக்குள் விட்டு உள்சுவரைத் தடவிப் பார், பள்ளம் தட்டினால் தூக்கிப் போடு.

எண்ணிக்கை:

குரூப் விஷயத்துக்கு நான் வருகிறேன். மூன்று குண்டு குரூப்பை வைத்து ரைபிளை எடை போடவே முடியாது. இது அபிப்பிராயம் இல்லை, கணக்கு. குண்டுகள் சாதாரணப் பரவலில் விழுகின்றன என்று எடுத்துக்கொண்டால், மூன்று குண்டு குரூப்பின் சராசரி அகலம் சிதறலின் (ஒரு திசையில் திட்ட விலகல்) 2.4 மடங்கு, ஐந்து குண்டுக்கு 3.07, பத்து குண்டுக்கு 3.8. அப்படியென்றால் மூன்று குண்டில் சராசரி ஒரு அங்குலம் போடுகிற ரைபிள், பத்து குண்டில் சுமார் 1.6 அங்குலம் போடும். ரைபிள் மாறவில்லை, பார்க்கிற அளவு மாறியது. அதிலும் நல்ல குரூப் அட்டையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துவிட்டால் கணக்கு இன்னும் பொய்யாகும்.

நெடுங்குழல், உங்கள் அட்டைகளை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தீர்களா? எல்லாக் குண்டுக்கும் ஒரே மையம் கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று சராசரி எடுத்தால் அதுதான் நம்பத் தகுந்த எண்.

நெடுங்குழல்:

அதையேதான் செய்தேன், ஆனால் உங்கள் கணக்கோடு இன்னொன்றும் சேர்த்து. வேட்டையில் பேரல் எப்போதும் ஆறித்தான் இருக்கும். அதனால் ஒரே அட்டையை வைத்துக்கொண்டு, வெவ்வேறு நாளில், வெவ்வேறு வெயிலில், ஆறிய பேரலிலிருந்து ஒரே ஒரு குண்டு, அவ்வளவுதான், ரைபிளை உறையில் போட்டுக் கிளம்பிவிடுவேன். அட்டையைச் சுருட்டி வைத்து அடுத்த முறை அதிலேயே. கொஞ்ச நாளில் அந்த அட்டை சொல்கிற உண்மையை எந்த மேசைக் குரூப்பும் சொல்லாது. 100 கெஜத்தில் என் ஆறிய குண்டுகள் எல்லாம் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் நிற்கின்றன. பெரிய மிருகத்தின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் எவ்வளவு அகலம் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இது திருப்தி.

ஒரு விஷயம் இதில் பளிச்சென்று தெரிந்தது. எண்ணெய் துடைக்காத பேரலின் முதல் குண்டு கூட்டத்தை விட்டுத் தள்ளி மேலே போகிறது. உலர்ந்த துணி விட்டுத் துடைத்துவிட்டால் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது. எனவே வெளியே கிளம்பும் முன் உலர் துணி கட்டாயம்.

225 கிரெயின் பார்ட்டிஷன் வகைக் குண்டு. வேகம் அளக்கும் ரேடார் குரோனோகிராப்பில் சராசரி நொடிக்கு 2780 அடி. 200 கெஜத்துக்கு ஜீரோ வைத்தால் (குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைத்தால்) 100ல் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே, 300ல் ஏழு எட்டு அங்குலம் கீழே. ஜான் நோஸ்லர் 1948லேயே விற்பனைக்குக் கொண்டுவந்த யோசனை இது. குண்டுக்கு நடுவில் செம்புச் சுவர், முன்பாதி விரியும், பின்பாதி விரியாமல் உள்ளே போகும். இதைவிடப் புதிய முழுச்செம்புக் குண்டுகள் வந்துவிட்டன, நல்லவைதான், அடுத்து அவற்றையும் சுட்டுப் பார்ப்பேன்.

கட்டைவேலை:

யாரும் கட்டையைப் பற்றிப் பேசவில்லையே. .30-06 சுடுகிற எட்டு பவுண்டு ரைபிளுக்கு உதை சுமார் 20 அடி-பவுண்டு. உங்களுடையதற்கு நான் போட்ட கணக்கில் 30ஐத் தாண்டுகிறது. அந்த அளவுக்கு வரும்போது கட்டையின் வடிவம்தான் எல்லாம். கன்னம் வைக்கும் மேட்டை விடக் குதிகால் (கட்டையின் பின்முனை மேல்மூலை) ரொம்பத் தாழ்ந்து சரிந்திருந்தால் குழல் எழும்பும்போது மேடு கன்னத்தில் அறையும். நேராக, முன்னால் போகப் போகக் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் பின்னுக்கு வரும்போது கன்னத்தை விட்டு விலகும். பின் தட்டு அகலமாக இருக்க வேண்டும், அழகுக்காகக் குறுக்கினால் அதே உதை கத்தி போல இறங்கும்.

கட்டையில் கை பிடிக்கிற மெலிந்த மணிக்கட்டுப் பகுதியில் மர ரேகை எப்படி ஓடுகிறது? படம் போடுங்கள். ரேகை அங்கே குறுக்கே வெட்டுப்பட்டால் எவ்வளவு அழகான சுழி இருந்தாலும் மேக்னத்துக்கு அது விறகு.

நெடுங்குழல்:

மணிக்கட்டில் ரேகை கைப்பிடியோடு சேர்ந்து நேராக ஓடுகிறது, சுழியெல்லாம் பின்பாதியில்தான். அதற்காகவே அலங்காரம் குறைந்த பலகையை எடுத்தேன். இரண்டு குறுக்கு போல்ட், ஒன்று உதையைக் கட்டைக்குக் கடத்தும் ரிகாயில் லக்குக்குப் பின்னால், இன்னொன்று மேகசினுக்கும் டிரிகருக்கும் நடுவில்.

பெடிங்கில் லக்கின் பின்முகம் மட்டும் எபாக்ஸியில் முழுசாகப் பதிகிறது. முன்முகம், பக்கங்கள், அடி எல்லாம் டேப் ஒட்டி இடைவெளி விட்டேன், இல்லாவிட்டால் ஆக்‌ஷனைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் சுரண்டும், அடியில் முட்டினால் ஆக்‌ஷன் வளையும். டேங்குக்கு (ஆக்‌ஷனின் வால்பகுதி) பின்னால் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி கட்டாயம். அது மரத்தில் முட்டினால் ஒவ்வொரு உதையும் ஆப்பு அடிக்கிற மாதிரி, மணிக்கட்டு பிளந்துவிடும். பெடிங் சரியா என்று பார்க்க: முன் திருகைத் தளர்த்தும்போது பேரலும் கட்டையும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். அசைவு தெரிந்தால் ஆக்‌ஷன் அழுத்தத்தில் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

மலைநடை:

உதை 30 என்றால் குழல் முனையில் மஸில் பிரேக் (வாயுவைத் திருப்பி உதையைக் குறைப்பது) போட்டிருக்கலாமே? என் நண்பர்கள் பலர் போட்டிருக்கிறார்கள், தோள் வலியே இல்லை என்கிறார்கள்.

நெடுங்குழல்:

போட மாட்டேன். உதை நன்றாகவே குறையும், மறுக்கவில்லை. ஆனால் வெடிச்சத்தத்தைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பி விடுகிறது. காதுக்கு நிரந்தரச் சேதம் வர 140 டெசிபல் துடிப்பே போதும், இந்த வகை ரைபிள்கள் பிரேக் இல்லாமலே 160ஐத் தாண்டும். ரேஞ்சில் காதுக்குள் பிளக்கும் அதன்மேல் மஃப்பும் போட்டுக்கொள்ளலாம். காட்டில் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் காது? அவர் எதற்கு அதைத் தாங்க வேண்டும்? சப்ரஸர் சட்டப்படி அனுமதி உள்ள நாட்டில் இருந்தால் அது இதைவிட எவ்வளவோ மேல், உதையும் குறையும் சத்தமும் குறையும், குழல் நீளம்தான் கூடும்.

உதையைத் தாங்க நல்ல ரப்பர் பேட், சரியான கட்டை நீளம், அப்புறம் மேசையிலிருந்து சீக்கிரம் எழுந்துவிடுவது. மேசையில் உட்கார்ந்தால் உடம்பு முழுக்க அடைபட்டு உதையை வாங்கும், நின்று சுட்டால் உடம்பு பின்னுக்குப் போய் உள்வாங்கிக்கொள்ளும். ஜீரோ வைத்து முடித்ததும் மேசையை விட்டுவிட்டேன். மீதி எல்லாம் உட்கார்ந்தும், மண்டியிட்டும், முக்கோணக் கம்பில் வைத்தும்தான். முகம் சுளித்து டிரிகரைப் பிடுங்குகிற பழக்கம் வந்துவிட்டதா என்று பார்க்க, நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவை எனக்குத் தெரியாமல் மேகசினில் போடச் சொல்வேன். கிளிக் என்ற இடத்தில் குழல் தாழ்ந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் சுட்டால் பழக்கம் இன்னும் ஆழமாகப் போகும்.

பழைய98:

ஸ்கோப் மவுண்ட் என்ன திருகு? மெல்லிய 6-48 என்றால் அதைவிடத் தடித்த 8-40க்கு மாற்றுங்கள். இந்த உதைக்கு மெல்லிய திருகுகள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்படும். ஸ்கோப்பைத் தாங்கும் பேஸுக்கே உதையைத் தாங்க ஒரு லக் இருந்தால் இன்னும் நல்லது. கண் தூரம் (ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி) நாலு அங்குலத்துக்குக் குறையாத, உருப்பெருக்கம் குறைந்த ஸ்கோப்தான் இதற்குப் பொருத்தம். மேட்டுப் பக்கம் படுத்துச் சுடும்போது கண் முன்னால் போய்விடும், புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு எத்தனை பேர் இருக்கிறார்கள்.

இன்னொன்று, தோட்டா நிறைந்த மேகசினோடு சுடுகிறபோது கீழே இருப்பவை என்ன ஆகின்றன என்று பார்த்தீர்களா?

நெடுங்குழல்:

8-40 தான், ஆக்‌ஷன் வந்தபோதே அப்படி. ஸ்கோப் 1.5லிருந்து 5 மடங்கு, கண் தூரம் நாலுக்கு மேல்.

மேகசின் சோதனை செய்தேன். மேலே இருப்பதை மட்டும் சுட்டுச் சுட்டு மறுபடி மேலே நிரப்பி, அடியில் இருக்கும் ஒன்றை அப்படியே விட்டுவைத்தேன். அதன் நீளத்தை முன்னும் பின்னும் வெர்னியரில் அளந்தால் குண்டு உள்ளே போகவில்லை, கழுத்து நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் மென்மூக்குக் குண்டின் ஈயமுனை முன் சுவரில் அடிபட்டுத் தட்டையாகிவிட்டது. சுவரில் முட்டாத தோட்டாவும் உதையின்போது முன்னால் பாயத்தானே செய்யும். 300 கெஜத்துக்குள் அந்தத் தட்டை முனையால் பெரிய வித்தியாசம் வராது, ஏற்றுவதிலும் தடங்கல் இல்லை. இருந்தாலும் இரவு முகாமில் தோட்டாவை எடுக்கும்போது அடியில் இருந்ததை மேலே கொண்டுவருவேன்.

மேகசினின் அடித்தட்டு சுடும்போது தானாகத் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு பட்டறை கட்டிக் கொடுத்த ரைபிளில் தாழ்ப்பாள் பலவீனம், இரண்டாவது குண்டோடு மீதித் தோட்டா எல்லாம் காலடியில் கொட்டியது. அட்டையில் அது அருமையான குரூப் போட்ட ரைபிள்.

புதுத்தோட்டா:

அண்ணே, சேஃப்டியும் டிரிகரும் எப்படிச் சோதிப்பது? அப்புறம் கையால் நிரப்புகிற தோட்டாவில் அழுத்தம் ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

பழைய98:

சேஃப்டி சோதனையை முழுக்க காலி ரைபிளில் செய், அறையை விரலால் தொட்டுப் பார்த்த பிறகு. போல்ட்டை மூடிச் சேஃப்டியைப் போட்டு டிரிகரை நன்றாக இழு. விடு. இப்போது டிரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடு. ஊசி விழுந்தால் அந்த ரைபிளை அப்படியே பட்டறைக்குக் கொண்டு போ. விழாவிட்டால், ரப்பர் பேட் பக்கத்தைத் தரையில் தட்டு, போல்ட்டை ஓங்கி அடித்து மூடு, விழக் கூடாது. டிரிகர் எடையை இரண்டு பவுண்டுக்கு இறக்கிப் பெருமைப்படுகிறவர்கள் குளிரில் கையுறையோடு நிற்கும்போது என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். இந்த மாதிரி ரைபிளுக்கு மூன்று, மூன்றரை பவுண்டு, இழுவையில் இழுபறி இல்லாமல் இருந்தால் போதும்.

அழுத்தத்துக்கு அமெரிக்க விதிப்படி .338 வின்செஸ்டரின் உச்சம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. அச்சிட்ட கையேட்டில் உள்ள ஆரம்ப அளவிலிருந்து தொடங்கு, யாரோ எங்கேயோ எழுதிய அளவை எடுக்காதே. போல்ட் கைப்பிடி தூக்கக் கனத்தால், கேஸ் அடியில் எஜெக்டர் ஓட்டையின் பளபளப்பான அடையாளம் விழுந்தால், பிரைமர் குழி தளர்ந்தால், அப்போதே நிறுத்து. ஆனால் இந்த அடையாளங்கள் தெரியும்போது உச்சத்தை ஏற்கெனவே தாண்டியிருக்கலாம் என்பதை மறக்காதே. குரோனோகிராப்பில் கையேடு சொல்வதை விட வேகம் கூடுதலாக வந்தால், அழுத்தமும் கூடுதல்தான். இலவச வேகம் என்று ஒன்று கிடையாது.

எண்ணிக்கை:

புரூஃப் சோதனை நடந்ததா? துப்பாக்கிச் சோதனைக்கான சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.யில் உள்ள நாடுகளில் புதுப் பேரல் மாட்டினால் அரசு அங்கீகாரம் பெற்ற புரூஃப் ஹவுஸில் உச்ச அழுத்தத்தை விட 25 சதவீதம் கூடுதலான தோட்டா போட்டு முத்திரை வாங்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை, தயாரிப்பாளர் பொறுப்பு.

நெடுங்குழல்:

நடந்தது, முத்திரையும் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் ஹெட்ஸ்பேஸ் அளந்தார்கள், நகரவில்லை. போல்ட்டைப் பூட்டும் லக்குகள் இரண்டும் சமமாகப் பதிகின்றனவா என்று மார்க்கர் மை தடவிப் பார்த்ததில் இரண்டு பக்கமும் சீராக அழிந்திருந்தது.

மலைநடை:

மழையிலும் பனியிலும் சோதித்தீர்களா? வால்நட் என்கிறீர்கள். நான் செயற்கைக் கட்டைக்கு மாறியதே ஈரத்தால்தான். ஒரு வாரம் மழையில் நடந்து திரும்பினால் ஜீரோ நான்கு அங்குலம் தள்ளியிருக்கும்.

நெடுங்குழல்:

நியாயமான கேள்வி. மரம் ஈரம் குடித்தால் நகரும், அதை மாற்ற முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். பேடுக்கு அடியில் உள்ள வெட்டுமுகம், திருகு ஓட்டைகள், மேகசின் வெட்டு, பேரல் வாய்க்கால் எல்லாம் உட்புறமும் அடைத்திருக்கிறேன், ஏனென்றால் ஈரம் நுழைவது மெருகேற்றிய வெளிப்பக்கத்தால் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அந்த வெட்டுமுகங்களால்தான். பேரல் முழுக்க மிதக்கிறது, வாய்க்காலில் அட்டை ஒன்று நன்றாகவே நுழையும், அதனால் முன்கட்டை கொஞ்சம் வளைந்தாலும் பேரலைத் தொடாது. ஒரு நாள் முழுக்க மழையில் விட்டு மறுநாள் சுட்டதில் குண்டு பழைய கூட்டத்துக்குள்தான் விழுந்தது. ஒரு வாரத் தொடர்மழை இன்னும் இதற்குக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கே வருடா வருடம் போகிறவர் என்றால் செயற்கைக் கட்டைதான் சரி என்பதில் எனக்கு வாக்குவாதம் இல்லை.

குளிருக்கு: போல்ட்டைப் பிரித்து ஊசிக் குழாயையும் ஸ்பிரிங்கையும் கரைப்பானில் கழுவி, கெட்டியாகிற எண்ணெயை எல்லாம் எடுத்துவிட்டு, குளிரில் உறையாத மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். இரவு முழுக்க உறைபனியில் வெளியே வைத்து, காலையில் உள்ளே கொண்டு வராமல் அங்கேயே சுட்டேன். உள்ளே கொண்டு வந்தால் வேர்த்து ஈரம் படியும், மறுபடி வெளியே போனால் அது ஊசிக் குழாய்க்குள் பனியாகும். பிரைமரில் ஊசி பதிந்த ஆழம் வெயிலில் சுட்டதைப் போலவே இருந்தது. வேகம் மட்டும் சற்றுக் குறைந்தது, அது மருந்தின் குணம்.

அடுத்து 250 கிரெயின் குண்டு. மூக்கு வடிவம் வேறு என்பதால் ஏற்றும் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்துவிட்டுத்தான் ரேஞ்சுக்குக் கொண்டு போவேன். முடிந்ததும் அட்டையைப் படம் எடுத்துப் போடுகிறேன், மணிக்கட்டு ரேகையையும் சேர்த்து.